லாந்தோஃபில்: பெயர்ச்சொல்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். டீச்சர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன், புதனாகவும் இருக்கலாம். பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியைப் பல மாதம் கழித்து வேர் சார் வாயாலேயே கேட்டேன். அவர் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தேநீர் ஆறுகிற நேரம் எடுத்துக்கொள்பவர். அந்த இடைவெளிகளில் நானாக எதையாவது இட்டு நிரப்பியிருந்தால் அது என் குற்றம், அவருடையது அல்ல.

அகராதி அலுவலகத்தில் சொற்பிறப்புப் பகுதியை எழுதியவர் அவர். ஒரு சொல் எங்கிருந்து வந்தது, யார் வழியாக வந்தது, வரும் வழியில் எந்த எழுத்தைத் தொலைத்தது என்று தோண்டிக்கொண்டே இருப்பார். அதனால் வேர் சார். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. பேச்சு குறைவு. யாராவது வணக்கம் சொன்னால், பதில் வருவதற்குள் சொன்னவர் மாடிப்படி இறங்கியிருப்பார் என்று எங்களுக்குள் ஒரு கிண்டல் உண்டு.

தலைமைப் பதிப்பாசிரியர் அவருக்கு நேர் எதிர். வேகமானவர், கறாரானவர். அவர் பேசி முடித்த பிறகு எதிரில் இருப்பவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது. அந்த அம்மாளை நாங்கள் முற்றுப்புள்ளி என்போம். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. அகராதியைத் திருடுவது சுலபம். திருடியதை நிரூபிப்பது கடினம். மரம் என்றால் யார் எழுதினாலும் மரம்தானே? அதனால் ஒவ்வொரு பதிப்பிலும் ஒரே ஒரு பொய்ச்சொல்லைச் சேர்த்துவிடுவோம். உலகத்தில் எங்குமே இல்லாத சொல். வேறு யாருடைய புத்தகத்திலாவது அது தலைகாட்டினால், எங்களிடமிருந்துதான் போனது என்று தெரிந்துவிடும். அதற்குக் கண்ணி என்று பெயர். கண்ணியை எழுதுவது ஒருவர். அவருக்கும் தலைமைக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். எழுதுகிறவருக்கு ஒரே ஒரு விதி: கண்ணி நம்பும்படி இருக்க வேண்டும், ஆனால் அது குறிக்கிற பொருள் உலகில் இருக்கவே கூடாது.

பதினோரு வருடத்துக்கு முந்தைய பதிப்பின் கண்ணியை எழுதியவர் வேர் சார்.

ஒரு நாள் காலை முற்றுப்புள்ளி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பிரித்த உறை. பக்கத்தில் மெல்லிய அட்டை போட்ட ஒரு புத்தகம். பள்ளிப் பிள்ளைகளுக்கான செடிகொடிச் சொற்கள். எழுதியவர் ஒரு தாவரவியல் டீச்சர்.

“நூத்தி நாப்பதாம் பக்கம்,” என்றார்.

வேர் சார் புரட்டினார். லாந்தோஃபில். அவருடைய சொல். அவர் வைத்த எழுத்துக்கூட்டல், அவர் எழுதிய பிறப்பு: கிரேக்கத்தில் மறைந்திருத்தல் என்பதற்கான சொல், அதோடு இலை. குளோரோஃபில் போல, சாந்தோஃபில் போல. பொருள்: தளிரின் அடிப்பக்கத்தில் இரண்டு நாள் மட்டும் செம்பாகத் தெரியும் ஒரு நிறமி.

“எலி மாட்டிக்கிச்சு,” என்றார் முற்றுப்புள்ளி. “கண்ணி வெச்சவங்கதான் ஒப்பீட்டுக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடணும். வழக்கம் தெரியுமில்ல? வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க. அச்சகத்துக்கு முதல் கடிதம் போயாச்சு. அச்சான மூவாயிரம் பிரதியும் கூழாகணும். பள்ளிகளுக்கும் தகவல் போயிடும்.”

“முழுசும் நம்மகிட்ட எடுத்ததா?”

“ஒண்ண எடுத்தவங்க மத்தத விடுவாங்களா? அதுக்குத்தானே கண்ணி?”

வேர் சார் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

வழக்கப்படி இருபது சொற்களை ஒப்பிட்டால் போதும். அவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். புத்தகத்தில் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் சொற்கள். இடப்பக்கம் எங்கள் அகராதி, வலப்பக்கம் டீச்சர் புத்தகம், நடுவில் ஓர் அடிக்கோல். காற்றாடிக்குப் பறக்காமல் தாள்மேல் ஒரு கல்.

உருளைக்கிழங்குக்கு எங்கள் அகராதி ‘உண்ணத்தக்க ஒரு கிழங்கு’ என்றது. டீச்சர் எழுதியிருந்தார்: ‘மண்ணுக்குள் இருப்பதால் வேர் என்று நினைத்துவிடாதே. இது தண்டு. அதன் மேல் கண் போல் குழிந்திருக்கும் இடமெல்லாம் கணு. நம்பிக்கை இல்லையென்றால் சமையலறையில் ஒன்றை மறந்துவிட்டுப் பத்து நாள் கழித்துப் போய்ப் பார்.’ வேர் சார் சிரித்தார் என்று பக்கத்து மேசைக்காரர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். யாரும் நம்பவில்லை.

ஆந்தோசயனின் என்ற நிறமிக்கு டீச்சர் எழுதியிருந்தது இன்னும் அழகு. ‘பெயரின் பொருள் பூ, நீலம். ஆனால் செந்தளிரின் சிவப்பும் இதன் வேலைதான். பெயர் வைத்தவர் நீலப்பூவை முதலில் பார்த்துவிட்டார், அவ்வளவுதான். பெயரை வைத்து யாரையும் முடிவு கட்டாதே.’

இரண்டு நாளில் வேர் சாருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் எங்களுடையது இல்லை. அந்த ஒன்றிலும் பெயரும் எழுத்துக்கூட்டலும் பிறப்பும் பொருளும் மட்டும்தான் வேர் சார் எழுதியவை. அதற்குக் கீழே டீச்சர் தானாகச் சேர்த்திருந்தார்: ‘முதல் நாள் ஓரத்தில் தொடங்கும். இரண்டாம் நாள் மாலை நடு நரம்பை ஒட்டி மட்டும் நிற்கும். மறுநாள் இருக்காது. இலையை மெல்லத் திருப்பிப் பார். கிள்ளாதே.’

வேர் சார் அந்த நாலு வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லாத ஒன்றைப் பார்த்து ஒருத்தரால் இப்படி எழுத முடியாது.

இந்த நேரத்தில்தான் டீச்சரே நேரில் வந்து நின்றார். அச்சகத்துக்குப் போன முதல் கடிதத்தை அச்சகக்காரர் அவரிடம் காட்டியிருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் வந்த முகம். கூடவே அவருடைய தங்கை. டீச்சர் கையில் ஒரு சாப்பாட்டு டப்பா. வரவேற்பில் இருந்தவர் விசாரித்து, “உங்க புத்தகத்த ஒப்பிட்டுப் பாக்கிறவர் அங்க இருக்கார்” என்று கையைக் காட்டிவிட்டார். முற்றுப்புள்ளி அன்று கூட்டத்துக்குப் போயிருந்தார்.

“சார், நான் எதையோ காப்பியடிச்சதா கடிதம் வந்திருக்கு,” என்றார் டீச்சர். “எதைன்னு அதுல எழுதல.”

வேர் சார் எழுந்து இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். 

“எங்க அக்கா ஊர்ல இருக்கிற புளியமரத்துக்கிட்ட எல்லாம் அனுமதி கேட்டுட்டுத்தான் நிழல்ல நிப்பா,” என்றாள் தங்கை. “அவளப் போயி திருடின்னு எழுதியிருக்கீங்களே.”

“நீ சும்மா இருடி.”

“நான் ஏன் சும்மா இருக்கணும்? ஒம்போது வருஷமா வீட்ல சோபாவுல உக்கார இடமில்ல சார், பூரா இலையும் தாளும். கல்யாணம் பேச வந்தவர்கூட இலை மேல உக்காந்து திட்டு வாங்கிட்டுப் போனார்.”

டீச்சருக்கு வெட்கமாகிவிட்டது. டப்பாவைத் திறந்தார். உள்ளே ஈரத்துணி. துணிக்குள் ஒரு கொடித்தளிர்.

“ஒரே ஒரு சொல்ல மட்டும் உங்க அகராதியில இருந்து எடுத்தேன் சார். லாந்தோஃபில். அதுவா இருக்குமோன்னு பயந்துதான் இத எடுத்துட்டு வந்தேன். எங்க வீட்டு மாடிப்படிக்கு மேல இந்தக் கொடி பந்தல் மாதிரி படர்ந்திருக்கு. படி ஏறும்போது தலைக்கு மேல இலையோட அடிப்பக்கம்தான் தெரியும். இந்த நிறத்துக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல. செந்தளிர் நிறமின்னா ஆந்தோசயனின்னு பாடத்துல இருக்கு. ஆனா இது மேல தெரியாது, ரெண்டு நாளைக்கு மேல நிக்காது. அதுவா இதுன்னு எனக்குச் சந்தேகம். அப்புறம் உங்க அகராதியில பாத்தேன். அப்படியே எழுதியிருந்தது. யாரோ என் வீட்டுப் படியில நின்னு பாத்துட்டு எழுதின மாதிரி.”

தளிரைத் திருப்பிக் காட்டினார். ஓரத்திலிருந்து உள்ளே பரவியிருந்தது, தேய்த்துக் கழுவிய செம்புப் பாத்திரத்தின் நிறம்.

“அந்தப் பேர வெச்சவர் யாருன்னு தெரிஞ்சா நன்றின்னு முன்னுரையில போட்டிருப்பேன். போடாதது தப்புதான். அதுக்காகப் புத்தகத்தையே அழிக்கணுமா சார்?”

வேர் சார் வாயைத் திறந்தார். விதி நினைவுக்கு வந்தது. கண்ணியைப் பற்றி வெளியாள் யாரிடமும் பேசக் கூடாது. மூடிக்கொண்டார். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா தளிரைப் பார்த்தார். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே போனது. நாங்கள் எங்கள் மேசைகளில் எழுதுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தோம்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க,” என்றார் கடைசியில்.

“பொறுக்கிறது எங்களுக்குப் பழக்கம்தான்,” என்றாள் தங்கை. “இவருக்கு ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள நமக்குப் பஸ்ஸே போயிடும் போலருக்கு, வாக்கா.”

மறுநாள் காலை வேர் சார் வேலைக்குப் புறப்படாமல் வீட்டு ஜன்னல் பக்கமே நின்றார். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பியில் அதே சாதிக் கொடி.

பதினோரு வருடத்துக்கு முன்பு மனைவி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆறு வாரம் இந்த ஜன்னலடியில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அலுவலகம் விட்டதும் இவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார். பேச்சு இருக்காது. ஒரு நாள் மனைவிதான் சொன்னார்: “நின்னுட்டுப் பாக்கிறவங்களுக்கு இது தெரியாதுங்க. படுத்தாத்தான் தெரியுது. அடியில செம்பு மாதிரி ஒரு நிறம். ரெண்டு நாள் இருக்கு, போயிடுது.” அந்த வாரம்தான் கண்ணிச்சொல் எழுதிக் கொடுக்க வேண்டிய கெடு. அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இல்லாத நிறமிக்கு இருக்கிற நிறத்தை எடுத்துப் பூசிவிட்டார்.

இப்போது எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். பதினோரு வருடமாகச் சொல்லாததை ஒரு மணி நேரத்தில், நடுநடுவே நிறுத்தி நிறுத்தி.

மனைவி மடித்த துணியைக் கீழே வைத்தார். “அப்ப ஊரை ஏமாத்தறதுக்கு நான் சொன்னத எடுத்துக்கிட்டீங்க.”

“ம்.”

“பொய்தான் எழுதச் சொன்னாங்க. பொய்யா எழுத வேண்டியதுதானே? உங்களுக்கு ஒரு பொய்கூட ஒழுங்கா சொல்ல வராதா?”

அவர் ஜன்னல் கொடியின் ஓர் இலையைத் திருப்பினார்.

“அந்த டீச்சர் எப்படிப் பாத்தாங்களாம், அவங்களுமா படுத்துட்டு?”

“மாடிப்படி ஏறும்போது.”

“பரவாயில்ல, நல்ல கண்ணு.” கீழே வைத்த துணியை மறுபடி எடுத்தார். “என்ன, கையெழுத்துப் போடப்போறீங்களா?”

“போட்டா அவங்க திருடின்னு ஆகும். போடலேன்னா நான் விதியை மீறினது தெரியும். வேலை...”

“சும்மா இருக்கிறதுன்னா உங்களுக்கு வெல்லக்கட்டி. இந்த ஒரு தடவை அது நடக்காது. கெளம்புங்க, மணியாகுது.”

வெள்ளிக்கிழமை முற்றுப்புள்ளியின் மேசையில் அவர் வைத்த குறிப்பு ஒரே பக்கம். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சொற்களையும் ஒப்பிட்டேன். ஒன்றைத் தவிர அனைத்தும் ஆசிரியரின் சொந்த உழைப்பு. முப்பத்தேழு இடங்களில் நம்முடையதைவிடச் சரியானவை. லாந்தோஃபில் என்ற கண்ணி தவறாக வைக்கப்பட்டது. அது குறிக்கும் நிறம் உலகில் உண்டு. நேரில் பார்த்த ஒருவர் பெயருக்காக அகராதியை நாடினார். அதைத்தான் எல்லாரும் செய்ய வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். தவறு என்னுடையது.

முற்றுப்புள்ளி இரண்டு முறை படித்தார்.

“இத நான் குழுவுல வெச்சா என்ன ஆகும்னு தெரியுமா? இந்தப் பதிப்புக்குக் காவலே இல்லாம போயிடும். நாளைக்கு எவன் திருடினாலும், ‘நானும் செடியப் பாத்தேன்’பான்.”

“தெரியும்.”

“பதினோரு வருஷம் எங்கிட்ட மறைச்சிருக்கீங்க.”

“மறைக்கல. நீங்க கேக்கல.”

“நீங்களா எதையும் சொல்லவே மாட்டீங்களா சார்? இருபத்தாறு வருஷம்! ஒரு ஆளுக்கு இவ்வளவு மௌனம் ஆகாது.” குரல் உயர்ந்தது அவருக்கே பிடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்தச் செடிச்சொல் புத்தகத்தை எடுத்து எங்கோ ஒரு பக்கத்தைப் பிரித்தார். உருளைக்கிழங்குப் பக்கமாக இருக்கலாம். கொஞ்ச நேரம் படித்தார்.

“கடிதத்த வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு. அந்தச் சொல் பொய்யின்னு அவங்களுக்குத் தெரியணும். பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறாங்க. அத நான் எழுதி அனுப்ப மாட்டேன். நீங்கதான் போய்ச் சொல்லணும். வாயால.”

கையெழுத்துப் போடுவதைவிட அதுதான் வேர் சாருக்குக் கடினமாக இருந்தது.

பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் மதிய இடைவேளையில் டீச்சர் தனியாக இருந்தார். நீண்ட கருப்பு மேசை, கழுவிக் கவிழ்த்த சோதனைக்குழாய்கள், சுவரில் வேர்த் தொகுப்புகளின் படம். புத்தகம் பிழைத்தது என்று முதலில் சொன்னார். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், கண் நிறைந்துவிட்டது.

“இன்னொண்ணு இருக்கு,” என்றார் வேர் சார்.

சொன்னார். கண்ணி என்றால் என்ன, ஏன் வைப்பார்கள், யார் வைத்தது. டீச்சரின் முகத்திலிருந்து சந்தோஷம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“லாந்தோஃபில்னு ஒண்ணு இல்லவே இல்லையா?”

“இல்ல.”

“கிரேக்கச் சொல்லு?”

“அந்த ரெண்டு சொல்லும் நிஜம். சேத்தது நான்.”

டீச்சர் எழுந்து குழாயடிக்குப் போனார். தண்ணீரைத் திறந்து, எதையும் கழுவாமல் மூடினார். “நாலு வருஷம் சார். நாலு வகுப்புப் பிள்ளைங்க. ‘பொருள் தெரிஞ்சா பயம் போயிடும்’னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். ஒவ்வொருத்தனும் நோட்டுல படம் போட்டு எழுதியிருக்கான். திருடின்னு சொன்னீங்களே, அது பரவாயில்ல. நான் திருடலேன்னு எனக்குத் தெரியும். இது அப்படியா? என் வாயால பொய் சொல்லவெச்சுட்டீங்களே.”

மன்னிப்பு என்ற சொல்லின் பிறப்பு வேர் சாருக்குத் தெரியும். அதை எப்படி உச்சரிப்பது என்பதுதான் அந்த நேரத்தில் மறந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார்.

“நிறம்?” என்று கேட்டார் டீச்சர், திரும்பாமலேயே. “நிறமும் நீங்க கற்பனையா எழுதினதா?”

“இல்ல. அத என் வீட்டுக்காரம்மா பாத்தாங்க. ஆறு வாரம் எழுந்திரிக்க முடியாம படுத்திருந்தாங்க. கீழ இருந்து பாத்து எங்கிட்ட சொன்னாங்க.”

வெளியே பிள்ளைகள் ஓடும் சத்தம். டீச்சர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கு ஏழாம் வகுப்புக்கு முதல் பீரியட் எனக்கு,” என்றார். “நீங்க வாங்க. வந்து நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்க கேள்வி கேப்பாங்க. பதில் சொல்லணும். இப்படி முழிச்சிட்டு நின்னீங்கன்னா விட மாட்டாங்க.”

“நான் வகுப்புல எல்லாம் பேசினதில்ல.”

“பிள்ளைங்களுக்கு அது புரியும். அவங்களும் பேசினதில்ல.”

அவர் போனார். முப்பத்திரண்டு பிள்ளைகள் முன் நின்று, அந்தச் சொல்லை எழுதியது தான்தான் என்றும், அது பொய் என்றும் சொன்னார். ஏன் பொய் சொன்னீங்க என்று ஒரு பெண் கேட்டது. திருடனைப் பிடிக்க என்றார். பிடிச்சீங்களா என்று கேட்டது. இல்லை என்றார். குளோரோஃபிலும் பொய்யா என்று இன்னொன்று கேட்க, இல்லை, அது நிஜம், வெளிர்பச்சை இலை என்று பொருள் என்றார். எப்படி நம்புவது என்று அது விடாமல் கேட்டது. அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். டீச்சர் உதவிக்கு வரவில்லை. கடைசியில் அவர், “நம்பாதே. நீயே தேடிப் பாரு. தப்பா இருந்தா எனக்கு எழுது,” என்று சொல்லி, அலுவலக முகவரியைக் கரும்பலகையில் எழுதினார். பிள்ளைகள் அத்தனை பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்தது இவ்வளவுதான். மூவாயிரம் பிரதிகளிலும் நூற்று நாற்பதாம் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டப்பட்டது. டீச்சரும் தங்கையும் வேர் சாரும் அவர் மனைவியும் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒட்டினார்கள். ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பிய தளிரில் இருந்தது ஆந்தோசயனின்தான் என்று பதில் வந்தது. எங்கள் அகராதியின் அடுத்த பதிப்பிலிருந்து அந்தச் சொல் நீக்கப்பட்டது. கண்ணி வைக்கும் வழக்கத்தையும் முற்றுப்புள்ளி நிறுத்திவிட்டார். மூன்று வருடம் கழித்து ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். வேர் சாரைப் பிறப்புப் பகுதியிலிருந்து மெய்ப்புப் பார்க்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கேயே ஓய்வு பெற்றார். வேலையில் இருந்தவரை பிள்ளைகளின் கடிதங்களுக்குப் பதில் எழுதியவர் அவர்தான். அவர் மனைவி இப்போது கோலூன்றி நடக்கிறார். டீச்சரின் புத்தகம் நான்காம் அச்சு கண்டிருக்கிறது. தங்கைக்குக் கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள். டீச்சர் அதே பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறார்.